எண்பத்தாறு பட விளக்கங்கள்

கணவர் இறந்து இருபது நாள் கழித்து அவள் வேலைக்குத் திரும்பினாள். வீட்டில் இருந்தாலும் ஒன்றுதான், அலுவலகத்தில் இருந்தாலும் ஒன்றுதான் என்று தோன்றியது. அலுவலகத்தில் காற்றோட்டமாவது இருக்கும்.

பதிப்பகம் இருந்தது ஒரு குறுகலான மூன்று மாடிக் கட்டிடத்தில். கீழே புத்தகக் கிடங்கு, நடுவில் விற்பனை, மேலே ஆசிரியர் குழு. பெயர்ப்பலகையில் குழு என்று இருந்தாலும் ஆட்கள் என்னவோ இரண்டே பேர்தான். இருபத்திரண்டு வருடமாக அங்கே நூல்களைச் செம்மை செய்துவரும் அவளும், மெய்ப்புத் திருத்துபவரும். அவருக்குக் ‘காற்புள்ளி’ என்று பெயர் விழுந்து வெகுநாளாகிவிட்டது. அறையின் அந்தக் கோடியில் இருந்துகொண்டே இந்தக் கோடித் தாளில் விட்டுப்போன காற்புள்ளியைக் கண்டுபிடித்துவிடுவார் என்பார்கள். அவருக்கும் அந்தப் பெயரில் வருத்தமில்லை.

அவள் உள்ளே வந்தபோது காற்புள்ளிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எழுந்தார், உட்கார்ந்தார், அவள் நாற்காலியைத் துடைத்தார்.

“வந்துட்டீங்களா. டீ சொல்லவா?”

“சொல்லுங்க.”

டீ வந்தது. குடித்தாள். சூடாக இருந்தது என்பது நாக்கு சுட்ட பிறகுதான் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் பதிப்பகத்தில் புது ஏற்பாடு ஒன்று வந்திருந்தது. நூலகங்களின் கூட்டமைப்பு ஒன்று இனி மின்னூல்களை ஒழுங்கான அமைப்பில் கொடுத்தால்தான் வாங்குவோம் என்று சொல்லிவிட்டது. அச்சுக்குப் போன பக்கங்களை அப்படியே படம் பிடித்ததுபோல் அனுப்பினால் செல்லாது. பார்வையில்லாதவர்களும் கருவி வழியாகக் கேட்டுப் படிக்கிற மாதிரி, ஒவ்வொரு வரியும் என்ன வரி என்று உள்ளே குறியிட்டிருக்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்க வெளியிலிருந்து ஒரு இளம்பெண் வாரம் இரண்டு நாள் வந்தாள். எல்லோரும் அவளைப் பயிற்சியாளர் என்றே கூப்பிட்டார்கள்.

முதல் நாள் அவள் திரையில் ஒரு பக்கத்தைக் காட்டிக் கேட்டாள்.

“இதுல தலைப்பு எது?”

“இதோ, இது” என்றார் காற்புள்ளி.

“எப்படிச் சொல்றீங்க?”

“பெருசா, தடிமனா இருக்கே.”

“அது உங்க கண்ணுக்கு. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரைக்கும் அது வெறும் பெரிய எழுத்து. ‘நீ தலைப்பு’ன்னு நாம ஒரு டேக் போட்டாத்தான் அதுக்குத் தெரியும்.”

“அப்ப என்னை மாதிரிதான். வீட்ல சொன்னாத்தான் நான் குடும்பத் தலைவர்னு எனக்கே தெரியுது.”

பயிற்சியாளர் சிரித்தாள். சிரிக்க வேண்டிய இடம் இது என்று இவளுக்கும் புரிந்தது. உதட்டை அசைப்பதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போயிருந்தது.

ஆனால் அந்த வேலை அவளுக்குப் பிடித்துப்போனது. பிடித்தது என்று கூடச் சொல்ல முடியாது. அது அவளைத் தொந்தரவு செய்யவில்லை. ஒரு வரியைப் பார்க்க வேண்டும். நீ யார் என்று கேட்க வேண்டும். தலைப்பு, துணைத்தலைப்பு, பத்தி, மேற்கோள், அடிக்குறிப்பு. பதில் கிடைத்ததும் குறியிட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போக வேண்டும். கடைசியில் சரிபார்ப்பு நிரலை ஓட்டினால் பிழைகளை வரிசையாகச் சொல்லும். அதற்கு அவள் மேல் இரக்கம் கிடையாது, குரலைத் தாழ்த்திப் பேசத் தெரியாது. ‘வரி 212: பிழை’ என்று மட்டும் சொல்லும். ஏழு வாரத்தில் ஒன்பது நூல்களை முடித்தாள். சாயங்காலம் வெளியூரிலிருந்து மகள் போன் பண்ணுவாள்.

“சாப்பிட்டியாம்மா?”

“சாப்பிட்டேன்.”

“அழுதியா?”

“இல்லடி.”

“அழுதுடும்மா. மனசுல வச்சுக்காத.”

மனசில் எதுவும் இருக்கிற மாதிரி அவளுக்குத் தெரியவில்லை. இருந்தால்தானே வைத்துக்கொள்வதற்கு. மகளிடம் இதைச் சொன்னால் அடுத்த வண்டியிலேயே கிளம்பி வந்துவிடுவாள் என்று சொல்லவில்லை.

பத்தாவது நூல் கணவர் எழுதியது. அவர் தொழிற்பயிற்சி நிலையத்தில் சுமை தூக்கும் பிரிவுக்கு ஆசிரியர். பாரத்தை எப்படிக் கட்டுவது, எந்தக் கயிறு எதைத் தாங்கும் என்று முப்பது வருடம் சொல்லிக்கொடுத்தவர். ‘முடிச்சுக் கையேடு’ என்ற அந்த நூலைச் செம்மை செய்து அச்சுக்கு அனுப்பியதும் அவள்தான். பதினாறு வருடம் முன்னால் முதல் பதிப்பு; நான்கு வருடம் கழித்து இரண்டாவது.

பதிப்பாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“இதை வேற யார்கிட்டயாவது குடுத்துடட்டுமா?”

“வேற யார் சார் இருக்காங்க?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “அதுவும் சரிதான்” என்றார்.

எழுத்துக்குக் குறியிடுவது இரண்டு நாளில் முடிந்தது. சரிபார்ப்பை ஓட்டினாள். எண்பத்தேழு பிழைகள். எண்பத்தாறு பிழைகள் ஒரே மாதிரி: ‘படம் 1: விளக்கம் இல்லை’, ‘படம் 2: விளக்கம் இல்லை’ என்று கடைசிவரை. எண்பத்தேழாவது பிழை மட்டும் வேறு: ‘பங்களிப்பாளர், படங்கள்: காலியாக உள்ளது.’

“இந்தக் கட்டத்தை விட்டுட்டா என்ன?” என்று பயிற்சியாளரிடம் கேட்டாள்.

“விட முடியாதுக்கா. படம் இருக்குன்னா வரைஞ்சவங்க பேர் கேக்கும். யாரோ வரைஞ்சிருப்பாங்கல்ல, தானா முளைச்சிருக்காதே.”

“பேர் தெரியாதுன்னு போடலாமா?”

“தெரியாதுன்னா போடலாம். தெரியாதா?”

அவள் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தெரியும். வரைந்தது கணவரின் அக்கா. குடிநீர் அலுவலகத்தில் குழாய் வரைபடம் போடுகிற வேலையில் இருந்தவர். தம்பியை எதிரில் உட்காரவைத்து, கையில் கயிற்றைக் கொடுத்து, ஒரு மழைக்காலம் முழுக்க எண்பத்தொரு படங்களை வரைந்து கொடுத்தார். புத்தகம் வந்தபோது அதில் அவர் பெயர் இல்லை.

அது நடந்தது இப்படி. மெய்ப்பில் ‘படங்கள்’ என்று ஒரு வரி இருந்தது. கடைசி நேரத்தில் நான்காம் பக்கத்தில் முகவரி மாறியது. அதைத் திருத்தும்போது கீழ் வரி ஒன்று அடுத்த பக்கத்துக்குத் தள்ளிப்போனது. அடுத்த பக்கத்தில் நிற்கிற வரியைப் பார்த்து ஏதோ மிச்சம் என்று நினைத்து அவள் எடுத்துவிட்டாள். அவசரம். அச்சாகி வந்த பிறகுதான் பார்த்தாள். கணவரிடம் சொன்னாள். அன்றைக்கே நாத்தனார் போன் செய்தபோது, சமையலறையில் அவள் நின்றுகொண்டிருக்க, கூடத்தில் அவர் சொன்னது காதில் விழுந்தது: “நான்தான்க்கா எடுக்கச் சொன்னேன். பாடப்புத்தகம் மாதிரி இருக்கட்டும்னு.”

போனை வைத்துவிட்டு வந்து, “விடு. அக்காவுக்கு உன்மேல கோபம் வந்தா போகாது. என்மேலன்னா ரெண்டு நாள்ல சரியாகிடும்” என்றார்.

ரெண்டு நாள் பதினாறு வருடமானது. இரண்டாம் பதிப்பில் பெயரைச் சேர்க்கிறேன் என்று அவர் எழுதிய கடிதத்துக்கு, ‘என் பெயர் எங்கும் வரக்கூடாது’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. அவள் வாயே திறக்கவில்லை. முதலில் பயம், பிறகு கூச்சம், அப்புறம் அது வீட்டில் கிடக்கிற ஒரு பழைய சாமான் மாதிரி பழகிப்போய்விட்டது. கணவர் இறந்த அன்று நாத்தனார் வந்தார். தம்பியின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றார். யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்.

முதலில் விளக்கங்களை எழுதுவோம் என்று உட்கார்ந்தாள். பார்வையில்லாத ஒருவர் கேட்டே அந்த முடிச்சைப் போட வேண்டும்; அதுதான் கணக்கு. ‘இடது கை கயிற்றின் நீண்ட பகுதியைப் பிடித்திருக்கிறது. கட்டைவிரல் மேலே இருக்கிறது.’ எழுதினாள். ‘வலது கை நுனியைக் கொண்டுவந்து வளையத்தின் அடியிலிருந்து மேலே எடுக்கிறது.’ அகலமான நகங்கள், ஆள்காட்டி விரலில் இரும்புக் கம்பி கிழித்த பழைய தழும்பு. தழும்பைக்கூட நாத்தனார் விடாமல் வரைந்திருந்தார். முடிச்சுக்குத் தழும்பு தேவையில்லை, அதை எழுதவில்லை. ஒரு நாளைக்கு இருபது படம் என்று நான்கு நாளில் எண்பது படங்களுக்கு எழுதிவிட்டாள்; மிச்சம் ஆறு. கணவரின் கைகளைத்தான் நான்கு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று தெரியும். தெரிந்தும் ஒன்றும் ஆகவில்லை. காற்புள்ளிதான் அவள் திரைப்பக்கம் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டு நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாவற்றையும் தாளில் எடுத்துக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குப் போனாள். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கதவைத் திறந்தவர் அவளைப் பார்த்துவிட்டு, திறந்த கதவிலேயே கை வைத்துக்கொண்டு நின்றார்.

“என்ன?”

“அவர் புத்தகம் விஷயமா வந்தேன் அண்ணி. உள்ள வரலாமா?”

வழி விட்டார். ஜன்னலோரம் பெரிய மேசை, அதன் மேல் பூதக்கண்ணாடி பொருத்திய விளக்கு. ஓய்வு பெற்ற பிறகும் யாருக்காவது வீட்டு வரைபடம் போட்டுக்கொடுக்கிறார் போலிருந்தது. அவள் விஷயத்தைச் சொன்னாள். கட்டம், பெயர், விளக்கம், நூலகம்.

“என் பேர் வேண்டாம்னு அப்பவே எழுதிட்டேனே.”

“தெரியும் அண்ணி. ஆனா அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த வரியை அவர் எடுக்கச் சொல்லல. நான் எடுத்தேன். தெரியாம எடுத்தேன். உங்ககிட்ட அவர் பழியைத் தன்மேல போட்டுக்கிட்டார். நான் பேசாம இருந்துட்டேன்.”

சொல்லும்போது அவள் குரல், ஒரு நூலின் பிழைப்பட்டியலைப் படிக்கிற மாதிரிதான் இருந்தது. நாத்தனார் அவளையே பார்த்தார். தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்று கிளம்பாமல் மறுபடி முயன்றுகொண்டிருந்தார்கள்.

“பதினாறு வருஷம் நான் அவன்கூடப் பேசல” என்றார் நாத்தனார்.

“ஆமா அண்ணி.”

“நீ பாத்துக்கிட்டு இருந்த.”

“ஆமா.”

“இப்ப எதுக்கு வந்து சொல்ற? அவன் போனதுக்கு அப்புறம்.”

“அந்தக் கட்டத்தை நிரப்பாம முடியாது. அதான்.”

உண்மையான பதில் அதுதான். நாத்தனார் எழுந்து உள்ளே போனார். குழாய் வெகுநேரம் ஓடுகிற சத்தம் கேட்டது. போய்விடலாமா என்று நினைத்தாள். கொண்டுவந்த தாள்களை எண் வரிசையில் அடுக்கினாள். திரும்பி வந்த நாத்தனாரின் முகம் ஈரமாக இருந்தது. மேசை விளக்கைப் போட்டார்.

“எங்க, அந்தத் தாளைக் குடு.”

படத்தையும் விளக்கத்தையும் ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்தார். மத்தியானம் தாண்டியது. நடுநடுவே பென்சிலால் திருத்தினார். “இது சுத்துறது இல்ல, மடிக்கிறது.” “இங்க ஆள்காட்டி விரல் இல்ல, நடுவிரல். விரலை மாத்திச் சொன்னா எப்படிக் கட்டுவாங்க?” எண்பத்தொன்றாம் படத்தையும் தாண்டி அடுத்த தாளைப் புரட்டியவர், பென்சிலைக் கீழே வைத்தார்.

“இது யார் வரைஞ்சது?”

“இரண்டாம் பதிப்புல சேர்த்த அஞ்சு படம். அவர் வேலை பாத்த இடத்துல யாரோ ஒரு ஆர்ட்டிஸ்ட்னு சொன்னார்.”

“ஆர்ட்டிஸ்டும் இல்ல ஒண்ணும் இல்ல. இது அவன் கோடு. சின்ன வயசுலேருந்து கோட்டோட முடிவுல பென்சிலைத் தூக்காம அழுத்துவான், பாரு, இங்க புள்ளி வச்சிருக்கு. எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன்.” விளக்கை இன்னும் கீழே இழுத்தார். “கை அவனோடது இல்ல. கையைக் காட்டு.”

“எதுக்கு அண்ணி?”

“காட்டேன்.”

அவள் கையை விளக்குக்குக் கீழே நீட்டினாள். சுண்டுவிரல் நடுக் கணுவில் கொஞ்சம் உள்ளே வளைந்திருக்கும், பிறவியிலேயே அப்படி. படத்தில் இருந்த சுண்டுவிரலும் வளைந்திருந்தது. பன்னிரண்டு வருடமாக அந்தப் புத்தகம் அவள் மேசையில் இருக்கிறது. படம் எண்பத்திரண்டு முதல் எண்பத்தாறு வரை தன்னுடைய கைதான் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்போது ஞாபகம் வந்தது. ஒரு விடுமுறையில் அவர் அவளைக் கயிற்றைப் பிடிக்கச் சொல்லி, எதிரில் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார். “என்ன எழுதுறீங்க?” என்றதற்கு, “படிகளைச் சரிபாக்கறேன், ஆட்டாத” என்றார். அடுப்பில் வேலை கிடக்கிறது என்று அவள் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அக்காவிடம் கேட்க முடியாது, அவளிடம் சொல்லவும் விரும்பவில்லை. ஒரு மனிதர் ஐம்பது வயதுக்கு மேல் யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்து வரையக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

அழுகை வருமோ என்று காத்திருந்தாள். வரவில்லை. ஆனால் பசித்தது. பத்துப் பதினொரு வாரத்தில் முதல் தடவையாக, வயிறு இருப்பது தெரிகிற மாதிரி பசித்தது.

“சாப்பிட ஏதாவது இருக்கா அண்ணி?”

நாத்தனார் இரண்டு தட்டு எடுத்து வைத்தார். சாப்பிட்டு முடித்த பிறகு, கை கழுவிக்கொண்டே சொன்னார்: “என் பேரைப் போடு. எண்பத்தொண்ணு வரைக்கும்தான் என்னோடது. மிச்ச அஞ்சுக்கு அவன் பேர். வரைஞ்சவன்னு போடணும், எழுதினவன்னு மட்டும் போட்டு விட்டுடாத.” கதவு வரைக்கும் வந்தவர் இன்னொன்றும் சொன்னார். “சமாதானமாயிட்டேன்னு நெனைச்சுக்காத. இது வேலை விஷயம்.”

“சரி அண்ணி.”

மறுநாள் கட்டத்தை நிரப்பினாள். கணவர் பெயர் இரண்டு இடத்தில் வந்தது. விடுபட்டிருந்த எண்பத்தொன்றாம் படத்தை எழுத ஐந்து நிமிடம் ஆனது. மிச்சம் ஐந்து படங்களுக்கு ஒரு நாள் முழுக்க ஆனது. கோடு எப்படிப் போகிறதோ அப்படியே, ஒரு வளைவு விடாமல் எழுதினாள். சரிபார்ப்பை ஓட்டினால் பிழை எதுவும் இல்லை. காற்புள்ளி வந்து எட்டிப் பார்த்து, “நான் இருபத்தஞ்சு வருஷமா மெய்ப்புப் பாக்கறேன். ஒரு தடவைகூட என்கிட்ட யாரும் ‘பிழை இல்லை’ன்னு சொன்னது கிடையாது” என்றார். இந்தத் தடவை அவள் சரியான நேரத்தில் சிரித்தாள்.

மின்னூல் நூலகத்துக்குப் போய் ஒரு மாதம் கழித்து, பயிற்சியாளர் ஒரு மின்னஞ்சலை எடுத்துக்கொண்டு வந்தாள். எழுதியவர் ஒரு காலத்தில் சரக்கு ஏற்றும் இடத்தில் வேலை பார்த்தவர். இப்போது பார்வை இல்லை. நூல் முழுவதையும் கேட்டு, ஒவ்வொன்றாகக் கட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். ‘படம் 84-இல் சொன்னபடி தடித்த கயிற்றையும் மெல்லிய கயிற்றையும் நான்கு தடவை இணைத்தேன். நான்கு தடவையும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. மெல்லிய கயிறு கடைசியில் தன் மேலே போகக் கூடாது, தன் அடியில் நுழைய வேண்டும் என்று நினைக்கிறேன். சரிபார்க்கவும்.’

அவள் படத்தைப் பார்த்தாள். விளக்கம் படத்தில் இருப்பதைத்தான் சொன்னது. படமே தவறு. பன்னிரண்டு வருடமாக, கண்ணுள்ளவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. முடிச்சு தெரிந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைப் பார்த்திருப்பார்கள்.

படத்தை நாத்தனாருக்குப் போனில் அனுப்பிவிட்டு அவரைக் கூப்பிட்டாள்.

“அந்த ஆள் சொல்றது சரி” என்றார் நாத்தனார், படத்தை எடுத்துப் பார்த்துவிட்டு. “கயிறு ஒண்ணு மேல ஒண்ணு போறதை வரையறது கஷ்டம். எந்தக் கோட்டை எங்க நிறுத்தணும்னு தெரியணும். அவனுக்குத் தெரியல.”

“விளக்கத்தை மட்டும் மாத்தினாப் போதுமா அண்ணி? படம் அப்படியே இருக்கட்டுமா?”

அவள் கேட்டது வேறு எதையோ என்று நாத்தனாருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

“யாராவது இதைப் பாத்து பாரம் கட்டித் தூக்கினா?”

“ஆமா” என்றாள். “மாத்திடலாம்.”

“அப்ப ஞாயித்துக்கிழமை வா. கயிறு ரெண்டும் எடுத்துக்கிட்டு வா, தடிசு ஒண்ணு, மெல்லிசு ஒண்ணு. பிடிக்க ஆள் வேணும்.”

அலமாரியின் அடித்தட்டில் கணவரின் பயிற்சிக் கயிறுகள் இருந்தன. அவர் போன பிறகு அதை அவள் திறக்கவில்லை. திறந்து இரண்டைத் தேர்ந்து பையில் போட்டுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க நாத்தனாரின் ஜன்னலோரம் கையை ஒரே நிலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “விரலை இறக்காத” என்பதைத் தவிர நாத்தனார் எதுவும் பேசவில்லை. பாதி வரைந்தபோது, அவருடைய கண்ணாடியில் ஆவி படிந்ததால் கழற்றித் துடைத்தார். அவளுக்கும் கண் கரித்தது. துடைக்கக் கை ஒழிவாக இல்லை. வழிகிறதை வழியவிட்டு அப்படியே இருந்தாள். நாத்தனார் பார்த்தார், தொடர்ந்து வரைந்தார்.

திங்கட்கிழமை புதுப் படத்தை ஏற்றி, விளக்கத்தில் ‘மேலே’ என்பதை ‘அடியில்’ என்று திருத்தினாள். பங்களிப்பாளர் கட்டத்தில் எண்பத்துநான்கை ஒருவர் பெயரிலிருந்து இன்னொருவர் பெயருக்கு மாற்றினாள். எல்லாம் சேர்த்து நான்கு நிமிடம். சரக்கு ஏற்றுமிடத்துக்காரருக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதினாள். அவர் மறுநாளே பதில் போட்டார்: ‘இப்போது பிடிக்கிறது.’

பதிப்பாளர் அடுத்த நூலின் கோப்பை அனுப்பியிருந்தார். கட்டிடங்களில் நீர்க்கசிவைத் தடுப்பது பற்றிய நூல். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம், நிறைய அட்டவணைகள். அவள் திறந்து முதல் வரியைப் பார்த்தாள். தலைப்பு. குறியிட்டாள்.